நூற்றைம்பது வருஷம் தாமதமாக வரும் பேப்பர்

ஒரு துணிக்கடை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டபோதுதான் என் வீட்டுக்காரரை முதன்முதலில் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடத் தப்பு. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. “ரெண்டே நிமிஷம்மா. பயப்படாதீங்க.” பதற்றமே இல்லாத குரல். கடை சாத்துகிற நேரத்துக்குத்தான் கதவு திறந்தது. இந்த ஆளின் லட்சணம் அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, கட்டிக்கொண்டேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த ரெண்டு நிமிஷத்தைப் பற்றிச் சண்டைக்குப் போனேன். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு மணி சொல்லக் கூடாதாம், தைரியம்தான் சொல்ல வேண்டுமாம். அது பொய்யில்லையாம், தொழிலாம்.

ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் வைக்கப் பள்ளம் தோண்டப் போனவர், அங்கே நிலவறையில் கிடந்த இங்கிலீஷ் பேப்பர்க் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தையவை, பக்கத்துக்குப் பக்கம் படம். போனால் போகிறது, ஒரு மூட்டைதானே என்று விட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். பழைய பேப்பர் கடை ஒன்று விடாமல் அலைந்து மேலும் மேலும் வாங்கிச் சேர்த்தார். கட்டிலுக்கு அடியில் பேப்பர். என் புடவை இருக்க வேண்டிய பீரோவில் பேப்பர். வீடு முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. என் மகள் புருஷன் வந்தால் ஜன்னல் பக்கமாகவே உட்காருவார், பாவம், மரியாதை தெரிந்த பிள்ளை.

சேர்த்தாரே, உட்கார்ந்து ஒரேயடியாகப் படித்துத் தொலைத்தாரா? அதுவும் இல்லை. வாரப் பத்திரிகை அது. சனிக்கிழமை ஆனால், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அதே வாரத்துப் பேப்பரைத்தான் எடுப்பார். அடுத்த வாரத்துப் பேப்பர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் தொட மாட்டார். “செய்தி வர்ற அன்னிக்குத்தான் வரும்,” என்பார். எங்கோ ஒரு கப்பலைக் காணவில்லை என்று ஒரு வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். இன்றைய பேப்பரை மட்டும் வாங்க மாட்டார். அதற்கு இன்னும் காலம் இருக்கிறதாம்.

படித்ததை என்னிடம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. படத்தை மரக்கட்டையில் செதுக்குவார்களாம், பல கட்டைகளைச் சேர்த்து முடுக்குவார்களாம், இன்னும் என்னென்னவோ. நான் ‘ம்’ போட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவேன்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்றார்கள். திறந்துதான் சரி பண்ண வேண்டும் என்று நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய சனிக்கிழமை ஒரு செய்தி படித்தார். ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்துவிட்டது. சிலர் செத்துப்போனார்கள், மிச்சப் பேர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்கிறது. அதோடு பேப்பர் முடிந்துவிட்டது. மனுஷன் ஆடிப்போய்விட்டார். வாழ்நாள் முழுக்க அந்தத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டு ஓடியவர் அல்லவா?

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை, கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்தார்.

“வீட்டுக்குப் போய் அடுத்த வாரப் பேப்பரை மட்டும் பாத்துட்டு வரியா?”

காணாமல்போன கப்பலுக்குக்கூடப் புரட்டாத பக்கத்தை இன்றைக்குப் புரட்டச் சொல்கிறார் என்றால், அடுத்த சனிக்கிழமை தனக்கு உண்டா என்று சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் சொன்ன எதற்கும் அழாதவள், ஆட்டோவில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியும், கூட்டிப் படித்து அர்த்தம் பண்ணத் தெரியாது. அதனால் படத்தைத்தான் பார்த்தேன். சுரங்க வாசல். ஆண்களை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். இதற்கு இங்கிலீஷ் வேறு தெரிய வேண்டுமா? பூட்டிவிட்டுத் திரும்பினேன்.

“எல்லாரும் வெளிய வந்துட்டாங்க,” என்றேன்.

“படம் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க.”

“அந்தக் காலத்துப் படத்துல யாரும் சிரிக்க மாட்டாங்களே.”

“இவங்க சிரிக்கறாங்க.”

சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வருவதற்குள் அந்தச் சனிக்கிழமை தாண்டிவிட்டிருந்தது. செருப்பைக் கழற்றியதும் கேட்ட முதல் பொருள் தண்ணீர் அல்ல, பேப்பர். எலி கடித்துவிட்டது என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அந்தப் பாச்சை உருண்டைக்கு எலி மட்டுமா, சொந்தக்காரனே கிட்டே வரமாட்டான். எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டேன். நான் சொன்ன பொய் அந்த நெஞ்சை என்ன பண்ணுமோ என்று, கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

வெகு நேரம் படித்தார். பிறகு கூப்பிட்டார்.

“நீ சொன்னது சரிதான். தட்டிக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் உயிரோட வந்துட்டாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. போய் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தேன். “அப்போ இவங்க யாரு?”

“முதல்லயே செத்துப்போனவங்க. கட்டையில செதுக்கி முடிக்க நாளாகும்ல? செய்தி இந்த வாரத்துது, படம் போன வாரத்துது. உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!”

சொல்லியிருப்பார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் வார்த்தை நிதானமாக, பதற்றமே இல்லாமல் வந்தது. துணிக்கடை லிஃப்டுக்குள் நான் கேட்ட அதே குரல்.

பக்கத்து வீட்டு டீச்சரிடம் காட்டினால் ஒரு நொடியில் படித்துச் சொல்லிவிடுவாள். பேப்பரை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். ஒரு கால் செருப்பும் மாட்டினேன்.

“எங்க போற?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தையல் போட்ட நெஞ்சைக் கையால் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த மனுஷன் இருந்தால் போதும்.

“எங்கயும் இல்ல,” என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினேன். பேப்பரை மடங்காமல் பீரோவில் வைத்தேன். “அடுத்ததைச் சத்தமா படிங்க. நானும் உக்காந்து கேக்கறேன்.”

“அதுக்குச் சனிக்கிழமை வரணும்.”

“வரட்டும். ரெண்டு பேரும் இங்கதானே இருக்கோம்,” என்றேன்.