மாசி மாதத்து ஆட்டு விலா

மாசி பிறந்தால் எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்கள் சிவந்துபோய் இலை உதிர்க்கத் தொடங்கும். பால் குறையும். பால் குறைந்தால் வேலையும் குறையும். ஆட்களின் நடைகூட மெதுவாகிவிடும். காலையில் கூட்டிய வாசல் நடுப்பகலுக்குள் மறுபடியும் செம்பழுப்பாகிவிடும். காற்றே இல்லாத நேரத்திலும் எங்கிருந்தோ ஓர் இலை அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அப்போது ஏழு வயது. அந்த மாதம் முழுவதையும் ஏதோ தூக்கத்துக்குள் இருந்து பார்த்ததுபோலத்தான் இப்போது நினைவிருக்கிறது.

லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். அப்பா அங்கே கிராணி, தோட்டத்துக் கணக்கெழுதும் வேலை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களிலிருந்து சற்றுத் தள்ளி எங்களுக்கு ஒரு பலகை வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நாலே பேர். அத்தையின் கணவர் காய்ச்சலில் இறந்து நாலு வருஷமாகியிருந்தது. அவளுக்கு அன்றைக்கு இருபத்துநாலு வயதுகூட நிறைந்திருக்காது. எனக்கோ அவள் ரொம்பப் பெரியவள். பூ வைக்கமாட்டாள். கறி, மீன் தொடமாட்டாள். எனக்குப் பாகற்காய் பிடிக்காததுபோல அவளுக்குக் கறி பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அத்தைக்குத் தையல் நன்றாக வரும். செவ்வாய்க்கிழமைதோறும் துரை பங்களாவுக்குப் போய், துரைசானியின் திரைச்சீலைகளையும் மேசை விரிப்புகளையும் தைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். வரும்போது முகம் தெளிவாக இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் போகவில்லை. இனிமேல் போகவேண்டாமென்று அப்பா சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அத்தை ஒரு வேளைதான் சாப்பிட்டாள். நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால்கூட அம்மா கண்ணால் அடக்கினாள்.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலை, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னாள்.

"நாளைக்கு பங்களா குசினிக்காரரு நம்ம வீட்டுப் பின்னால ஆட்டு விலா சுடப் போறாருங்க. நாந்தான் வரச் சொன்னேன்."

துரை வீட்டில் சமையல் செய்தவரைத் தோட்டமே குசினிக்காரர் என்றுதான் அழைக்கும். அப்பா கையிலிருந்த தோசையைக் கீழே வைத்தார்.

"மாடும் பன்னியும் சமைக்கிற கை. அந்தக் கையால நான் சாப்பிடணுமா?"

"சாப்பிடுங்கன்னு நான் சொல்லலியே. வந்து சுடட்டும்னுதான் சொன்னேன்."

அப்பா கை கழுவ எழுந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு, கோயில் பக்கம் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனார். மழைக்கான அறிகுறியே இல்லை.

குசினிக்காரர் எட்டு மணிக்கு வந்தார். ஒல்லியான, நெட்டையான ஆள். அடுப்பருகில் எப்போதோ கருகிப்போன இடது புருவம் மட்டும் பாதியாக இருக்கும். தலையில் ஒரு மண்சட்டி, தோளில் ஒரு கட்டு இரும்புக் கம்பி, கையில் கரி மூட்டை. அம்மாவிடம் முதலில் சொன்னதே இதுதான்: "சட்டி ஆயர் ஈத்தாம் ஊர்ல வாங்கினது, புதுசு. கம்பியும் புதுசு. ஒண்ணுலயும் வேற கறி பட்டதில்லம்மா. ஐயாகிட்ட சொல்லிடுங்க."

சட்டிக்குள் இரண்டு விலாத் துண்டங்கள், அன்னாசிச் சாற்றிலும் மிளகிலும் பூண்டிலும் இரவெல்லாம் ஊறிக் கிடந்தன. அன்னாசி எப்பேர்ப்பட்ட கறியையும் பஞ்சாக்கிவிடும் என்றார். கொல்லையில் வாழைகளுக்கும் கிணற்றுக்கும் நடுவே செங்கற்களை இரண்டு வரிசையாக அடுக்கி, மேலே கம்பிகளைப் பரப்பினார். கரி பிடித்துச் சாம்பல் பூத்ததும் அதை இரண்டு ஓரமாகவும் ஒதுக்கிவிட்டார். கறிக்கு நேர் கீழே நெருப்பே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"நெருப்பு இல்லாம எப்படி மாமா வேகும்?"

பெரிய ஆண்கள் யாராக இருந்தாலும் மாமா என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், கதவோரத்தில் நின்றிருந்த அத்தை சட்டென்று உள்ளே போய்விட்டாள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். குசினிக்காரரின் காதுகள் சிவந்தன. அனல் என்று நினைத்தேன்.

"வேகும் பாப்பா," என்றார். "பக்கத்துல இருந்தாப் போதும்."

அதன் பிறகு நேரம் நகர்ந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எலுமிச்சை வாசம் வீசும் செராய்ப் புல்லின் தண்டு ஒன்றை நுனியில் நசுக்கித் தூரிகையாக்கி, எண்ணெயில் தோய்த்து அவ்வப்போது கறிமேல் தடவினார். ஒரு சொட்டு கொழுப்பு ஓரத்துக் கரியில் தெறிக்கும்; 'சொய்' என்று ஒரு சத்தம்; நீலமாக ஒரு புகை எழும். வாழை இலைகளுக்கிடையே வெயில் கம்பி கம்பியாக விழுந்த இடத்தில் அந்தப் புகை கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுப் போவதுபோல இருக்கும். பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் அங்கேயே படுத்தேன். என் மேலும் இலைகள் விழுந்தன. வயிறு பசித்தது, கண் சொருகியது. இரண்டும் ஒன்றாக வந்தால் அது ஒரு தனி சுகம்.

அந்த மயக்கத்தில்தான் அத்தையின் குரலைக் கேட்டேன். கிணற்றடியில் தண்ணீர் இறைக்க வந்திருக்கவேண்டும்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகும். அவசரப்பட்டா விறைச்சுப் போயிரும்."

"அண்ணன் சாப்பிடலன்னா?"

கப்பி கிறீச்சிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்து சுடுவேன்," என்றார் அவர். "அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமையும்."

வாரா வாரம் கறி என்று மகிழ்ந்தபடியே நான் தூங்கிப்போனேன்.

அம்மா எழுப்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பா திரும்பி வந்து, கால் கழுவி, கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தார். குடை மடியில் இருந்தது.  குசினிக்காரர் விலாக்களை வாழையிலையில் எடுத்து வைத்து, அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு, பின்னுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலே கருஞ்சிவப்பாக மினுங்கிய கறி, எலும்பை விட்டுத் தானாகவே விலகிக்கொண்டிருந்தது. நடுவில் நல்ல சதைப்பிடிப்பாக ஒரு துண்டு. அது எனக்கு என்று அந்தக் கணமே தீர்மானித்துவிட்டேன்.

அப்பா நெடுநேரம் இலையையே பார்த்தார். பிறகு ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார் அப்பா.

"அடுத்த தடவ சரி பண்ணிர்றேன் ஐயா."

"ம்."

பிறகு அந்த நடுத் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். என்னிடம்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய், கதவருகில் நின்ற அத்தையின் கையில் அதை வைத்தார்.

"சாப்பிடும்மா," என்றார். இரண்டு வாரத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

அந்த வைகாசியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அத்தைக்கும் குசினிக்காரருக்கும் கல்யாணம் நடந்தது. லயத்தில் சிலர் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். கிராணியே முன்னால் நின்று நடத்தியதால் உரக்கப் பேசவில்லை. பிறகு இருவரும் மூவார் பட்டணத்துக்குப் போய் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார்கள். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்.

இதெல்லாம் பிற்பாடு. அன்று மாலை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காலையிலிருந்து காவல் காத்தவள் நான், கறியே பிடிக்காதவளுக்கு நல்ல துண்டு போய்விட்டது. அவளோ அதை ஒரு கடி கடித்துவிட்டு, கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வேண்டாமென்றால் என்னிடம் கொடுத்திருக்கலாமே!