சுரங்கக்காரிகள் காய்ச்சிய பால்

நனைந்த "படங்கு" எப்படி நாறும் என்று கொழுந்து பறிக்கிற வீட்டில் பிறந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும். தேயிலைச் செடி உரசிச் சேலை கிழிந்துவிடாமலிருக்கப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற அந்த முரட்டுத் துணியில், கொழுந்துச் சாறும் சேறும் மழையும் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறி, ஒரு புளித்த வாடை ஏறியிருக்கும். சினிமா என்றதும் மற்றவர்களுக்கு என்னென்னவோ நினைவு வரலாம், எனக்கு அந்த வாடைதான் வரும். நான் முதன்முதலாகப் பெரிய திரையில் படம் பார்த்தது பொகவந்தலாவைக்கு மேலே, எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில், வெளிச்சம் உள்ளே வராதபடி எங்கள் அம்மாக்களின் படங்குகளை ஜன்னல்களில் தொங்கவிட்ட ஒரு பகல் நேரத்தில்.

அந்த மண்டபம்தான் அப்போது எங்களுக்கு வீடு. அந்த வருட மழையில் மலை சரிந்து ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் "லயத்தில்" பாதியை மண் மூடிவிட்டது, அதில் என் அப்பாவும் போய்விட்டார். மிச்சமிருந்த காம்பராக்களின் சுவர்களில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ஆனாலும் மழை விட்டதும் எல்லோரும் அங்கேயே திரும்பிவிட வேண்டும், சுவரைப் பூசித் தருகிறோம் என்று நிர்வாகம் அடம்பிடித்தது. நாங்கள் கேட்டதோ, ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் பந்தடித்துவிட்டுப் போய், அதற்குப் பிறகு மாடு மட்டும் மேய்ந்துகொண்டிருந்த சமமான புல்தரையை. மாட்டுக்கு ஆகிற தரை மனிதனுக்கு ஆகாதாமா என்று என் அத்தை பூங்காவனம் ஆபீஸ் பக்கம் பார்த்துத் திட்டாத நாள் இல்லை. அவர் அப்பாவின் அக்கா, வாயால் மலையையே நகர்த்துவார். அம்மாவோ அப்பாவைப் புதைத்த நாளிலிருந்து பேச்சையே விட்டிருந்தாள். அப்பா செத்த அந்த இடத்துக்கே போய்ப் படுத்தால் அம்மா மறுநாள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று நான் உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து சேர் அட்டனிலிருந்து படம் காட்டும் மெஷினைக் கொண்டுவந்தது இந்த நேரத்தில்தான். "இதுவும் உங்களைப் போல துக்கப்பட்ட சனத்தின்ர கதைதான், பாருங்கோ" என்றார். நிலக்கரி தோண்டுகிற ஏதோ ஒரு தேசத்து ஊர், சுரங்கம் இடிந்து ஆண்கள் உள்ளே அகப்பட்டுக்கொள்கிறார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷ். சேர் விளக்கத் தொடங்கினார், அத்தை விட்டால்தானே! "சேர், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. எங்களுக்கு வெளங்குது" என்று அவரை உட்காரவைத்துவிட்டுத் தானே கதை சொல்ல ஆரம்பித்தார். நீளமான கோட்டுப் போட்டவர் பெரியதுரை, தொப்பிக்காரர் கங்காணி, சங்கு ஊதினால் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற "பெரட்டு". சுரங்கத்து வாசலில் பெண்கள் அலறியபோது மண்டபமே சேர்ந்து அழுதது. அன்றைக்குத்தான் நாங்கள் வாய்விட்டு அழுதோம்.

பிறகு அந்தப் பெண்கள் கொட்டுகிற பனியில், வாசலிலேயே ஒரு பெரிய பானையை அடுப்பில் ஏற்றிக் கிண்டினார்கள். ஆவி பறந்தது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, புது வீட்டுக்கு இடம் பிடித்துவிட்டார்கள், பால் காய்ச்சுகிறார்கள் என்று அடித்துச் சொன்னார். வீடு எங்கே, காணோமே என்று யாரோ கேட்டார்கள். "வீடு பின்னால வரும்" என்றார் அத்தை. சேர் அத்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. முடிவு தெரியாமலே படங்குகளை அவிழ்த்தோம்.

அன்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று பேசினாள். "ஏங்கண்ணி, நாமளும் அந்தப் புல்லுத்தரையில பால் காய்ச்சினா என்ன?"

அத்தை ரொட்டியைக் கருகவிட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் புல்தரையில் கல் கூட்டி அடுப்பு வைத்தோம். அம்மா வாசல் வரவேண்டிய இடத்தை ஒரு குச்சியால் கீறி, கோலம் போட்டு, கிழக்கு பார்த்துச் சட்டியை ஏற்றினாள். இல்லாத வாசலை மிதித்துவிடாமல் நான் சுற்றிக்கொண்டு நடந்தேன். சேதி போய்ச் சேர்ந்ததும் தோட்டத்தை நடத்துகிற துரை ஜீப்பில் வந்து இறங்கினார், கூடவே பொலிஸ்காரர்கள். எல்லா அடுப்பையும் அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்.

வயதான ஒரு பொலிஸ்காரர் அம்மாவின் அடுப்பை நோக்கி வந்தார். அவர் கிட்டே வரவும் பால் பொங்கி வழியவும் சரியாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டார். சிங்கள வீடுகளிலும் புதுமனை புகும்போது பால் பொங்கவைப்பார்கள், பொங்குகிற பாலை அணைக்க எந்தத் தாய் பெற்ற பிள்ளைக்கும் கை வராது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பால் பொங்கிவிட்டது, இதை நான் அணைக்கமாட்டேன், வேண்டுமானால் நீங்களே வந்து அணையுங்கள் என்று துரையிடம் சிங்களத்தில் சொன்னார். துரையும் சிங்களவர்தான். சட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், காலடி எடுத்து வைக்கவில்லை.

அப்போது என் அத்தை செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஒரு டம்ளரில் பாலை ஊற்றிச் சர்க்கரை போட்டு, முந்தானையால் பிடித்துக்கொண்டு நேரே துரையிடம் போனார்.

"வீடு குடிபோற எடத்துக்கு வந்திருக்கீங்க. வெறும் வாயோட அனுப்பக் கூடாதுங்க, தொர."

மனிதர் வாங்கிக் குடித்தார்! குடிக்காமல் என்ன செய்வார்? பாலைக் குடித்துவிட்டு அதே வாயால் வெளியே போ என்று எப்படிச் சொல்வார்? காலி டம்ளரை நீட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். நாங்கள் போட்ட கூச்சல் பக்கத்துத் தோட்டத்துக்கே கேட்டிருக்கும். அம்மா சிரித்தாள்.

வீடு உடனே வந்துவிடவில்லை. கூடாரத்தில் நனைந்தோம், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம். ஆனால் அந்தத் தரையை விட்டு ஒருவரும் நகரவில்லை, கடைசியில் அளந்து கொடுத்தார்கள். அம்மா கீறிய இடத்தில்தான் இன்றைக்கும் எங்கள் வாசல் இருக்கிறது.

பழைய லயம் இருந்த இடத்தை இப்போது மானாப்புல் மூடிவிட்டது, சுவர் கூடத் தெரிவதில்லை. பெண்கள் இடுப்பில் கட்டுவது பிளாஸ்டிக் சீட்டு, அதற்கு வாடையே கிடையாது. அதே பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கிறேன். போன மாதம் அந்தப் படம் என் போனில் அகப்பட்டது. பானையில் இருந்தது பால் அல்ல, மண் தோண்டுகிறவர்களுக்கு வைத்த சூப். சேருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்தும் அத்தையைத் திருத்தவில்லை, நல்ல மனிதர். படத்தின் முடிவில் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள், சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறி ஊரையே விட்டுப் போய்விடுகிறது.

ஓடிப்போய் அடுத்த வீட்டில் இருக்கிற பூங்காவனம் அத்தையிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"பாவம்டி," என்றார், "ஒரு சட்டி பால் காய்ச்சணும்னு அவுங்களுக்குச் சொல்ல ஆளில்லாமப் போச்சே."