கவிழ்க்காத தட்டுகள்

ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லில் சாப்பாட்டு மேசையில் தட்டைக் கவிழ்த்துத்தான் வைப்போம். உணவு வரும் நேரத்தில்தான் நிமிர்த்துவோம். முன்பே நிமிர்த்தினால் இறைச்சியோடு செம்மண்ணையும் தின்ன வேண்டியதுதான். புழுதிப் புயல் வந்தால் நடுப்பகலில் விளக்கேற்றுவோம். எல்லாம் தலையெழுத்து என்று ஊரே சகித்துக்கொண்டபோது, முடியாது என்று சொன்னவள் எதிர்வீட்டுத் தெர்சா பெங்கெல்லி.

அவள் மகள் மெர்லுக்கு இழுப்பு. புழுதி எழுந்த நாளெல்லாம் ஜன்னலில் ஈரத்துணி கட்டிய அறைக்குள் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறும் அந்தப் பிள்ளை. கடற்கரைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் டாக்டர். சுரங்கத்தை விட்டால் பிழைப்பில்லாத தகப்பன் வில்ஃப், அடுத்த கோடையும் இப்படியே இருந்தால் ரயிலேற்றிவிடுவேன் என்று பெட்டியை வாசலருகே எடுத்து வைத்துவிட்டான்.

"பிள்ளை ஏன் போகணும்? புழுதி போகட்டும்," என்றாள் தெர்சா.

மேற்கே கறுக்கும் மேகம் சுரங்கக் கழிவு மேட்டைக் கண்டதும் இரண்டாகப் பிரிந்து போய்விடுகிறது என்று மதுக்கடையில் ஆண்கள் அடித்துப் பேசுவார்கள். அவர்களுக்கு மேட்டைத் திட்டுவது வசதி. தெர்சாவுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"மேடா விரட்டுது? மரத்தையெல்லாம் வெட்டிச் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுத்தோம், அடுப்பெரிச்சோம். மிச்சத்தை நம்ம ஆடு தின்னுச்சு. தரை காய்ஞ்ச இரும்பாட்டம் கொதிக்குது. விழற தூறல் மண்ணைத் தொடறதுக்குள்ள காய்ஞ்சுபோகுது. இதுல வானத்துமேல பழி," என்பாள்.

ஊரின் மேற்கே புழுதியைத் தடுக்க அப்போதுதான் வேலியடைத்துச் செடி வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் தெற்கு மூலைக்கு அது எப்போது வருமோ யாருக்கும் தெரியாது. தெர்சா காத்திருக்கவில்லை. சுரங்கம் கழித்துப்போட்ட இரும்புக் கயிறு, தட்டி நீட்டிய தகரம் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு தெருவின் பின்புறப் பொட்டல் முழுவதையும் அடைத்தாள். உள்ளே எதையும் நடவில்லை. விதை மண்ணிலேயே கிடக்கிறது, ஆட்டு வாய் படாமல் இருந்தால் போதும் என்றாள். தெருவில் ஆடில்லாத வீடு கிடையாது. பெரிய மந்தைக்காரரான கிழட்டு பெர்ஸ் ஹாக்கிங் வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"ஏம்மா தெர்சா, வெறும் மண்ணுக்கா காவல்? எழுந்து ஓடிடுமோ?"

"அதான் வருஷாவருஷம் எழுந்து ஓடி என் வீட்டுக்குள்ள வருதே. நீங்க ஆட்டைக் கட்டுங்க."

குளிர்கால மழைக்கு, வறண்ட மண்ணில் தானாக வளரும் உப்புச்செடி விரல் உயரம் முளைத்தது. அடுத்து வந்த புயலில் மணல் வேலியின் தலைவரை குவிந்துவிட்டது. விடிந்து பார்த்தால் ஆடுகள் அந்தச் சரிவில் ஏறி உள்ளே இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது தெர்சாவின் சொந்த ஆடு டச்சஸ். தெருவே வயிறு குலுங்கச் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பேன்.

தெர்சா டச்சஸைக் கயிற்றில் பிடித்து நேரே கசாப்புக் கடைக்கு நடத்திப் போனாள். மெர்ல் குடித்து வளர்ந்தது அதன் பால்தான். பிள்ளைக்குப் பாலுக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"டின் பால் குடிப்பா. மூச்சு டின்ல வராது," என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் நடை நிற்கவில்லை.

அன்று மதியமே மண்வெட்டி எடுத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு புயலுக்கும் பின்னால், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, வேலியோரத்து மணலை வெட்டித் தள்ளினாள். அவள் தன் ஆட்டையே கொடுத்த பிறகு எந்த முகத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பது? நான் போனேன், மற்றப் பெண்களும் வந்தார்கள். ஆடுகளைக் கட்டினோம். பெர்ஸ் மட்டும் அசையவில்லை. தின்றது போக நின்ற தூர்களிலிருந்து, வசந்த மழைக்குப் பிறகு, உப்புச்செடி முழங்கால் உயரம் எழுந்தது. மழை கூடியதா என்று கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். பெய்தது மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் அங்கேயே ஊறியது. அந்தப் பக்கத்துக் காற்றில் அனல் கொஞ்சம் அடங்கியிருந்தது.

கோடையின் முதல் புழுதிப் புயலன்று தெர்சா என்னையும் பெர்ஸையும் சாப்பிடக் கூப்பிட்டாள். வெளியே வானம் சிவந்து கிடந்தது. மேசையில் தட்டுகளெல்லாம் நிமிர்ந்து இருந்தன. கை நீட்டிக் கவிழ்க்கப் போன வில்ஃபின் கையைத் தட்டிவிட்டு, அடுப்பில் இறைச்சி அடைத்த பாஸ்டி வேகும்வரை எங்களை அப்படியே உட்கார வைத்தாள். காற்று கூரைத் தகரத்தை உலுக்கியது.

கடைசியில் பெர்ஸ் தன் தட்டில் விரலை இழுத்து, நுனியில் ஒட்டிய மெல்லிய சிவப்பைக் காட்டினார்.

"இருக்கே, தெர்சா."

"இருக்கு. அது உங்க ஆடு மேயற பக்கத்து மண்ணு. தொடைச்சுட்டுச் சாப்பிடுங்க."

மெர்ல் சிரித்தாள். சிரிப்பு முடிந்தும் இருமல் வரவில்லை. இன்னொரு பாஸ்டி வேண்டும் என்று தட்டை நீட்டினாள். வில்ஃப் மகளையே பார்த்தபடி எழுந்தான். வாசலருகே இருந்த பெட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தான்.