அண்ணாச்சியின் கண்ணுக்கு ஒரு டார்ச்

சட்டைப் பையில் வைக்க ஒரு டார்ச் வாங்கப் போய் இவ்வளவு அலைவேன் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு என்றால் முதல் கடையிலேயே வேலை முடிந்திருக்கும். நான் வாங்கப் போனது அண்ணாச்சியின் கண்ணுக்கு.

நானும் அண்ணாச்சியும் தாமிரபரணிக் கரையில் ஒரு பம்ப் ரூமில் முறை மாற்றி வேலை பார்க்கிறோம். மணலுக்குள் இறக்கிய கிணறு, அதன் தலைமேல் மோட்டார், பக்கத்தில் கால் நீட்டிப் படுக்க முடியாத ஒரு அறை. சுற்றியிருக்கிற ஊர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. மோட்டாரைப் போட வேண்டும், நிறுத்த வேண்டும், நடுவில் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டபோது இவ்வளவு சுலபமான வேலை கிடைக்கும் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை.

கிணற்றின் உள்சுவரில் வெள்ளைக் கோடுகள் போட்டு எண் எழுதியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் சிவப்பைத் தொடுவதற்கு முன்னால் மோட்டாரை நிறுத்தியாக வேண்டும். விட்டுவிட்டால் மோட்டார் காற்றை இழுத்துச் சூடேறிக் கருகிப்போகும். மோட்டார் கருகினால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தானாக நிறுத்துகிற பெட்டி ஒன்றையும் மாட்டினார்கள். மாட்டிய மாதமே அது தானாக நின்றுவிட்டது.

கிணற்றுக்கு மூடி உண்டு. ஒரு ஆள் தலையை நுழைக்கிற அளவுக்கு அதில் ஒரு வாய். உச்சி வெயிலிலும் உள்ளே கும்மிருட்டு. டார்ச் இல்லாமல் எங்கள் வேலை நடக்காது.

அந்த வருஷம் மேற்கே மழை சரியில்லை. ஆறு ஒடுங்கி ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை எட்டிப் பார்ப்பது என்று கணக்கே இல்லை. அப்போதுதான் அண்ணாச்சி டார்ச்சைக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

"செல்லு எறங்கிட்டுலே. மாத்து."

"நேத்துதான அண்ணாச்சி மாத்துனேன். ராத்திரி பசிச்சா செல்லத் திங்கியளா?"

"வெளிச்சம் பத்தல. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

மாற்றினேன். மறுநாளும் பத்தவில்லை. அதற்கு மறுநாள் அவர் தூக்குவாளியிலிருந்து எனக்கு டீ ஊற்றினார். பாதி டம்ளருக்குள் விழுந்தது, பாதி என் காலில்.

"ஆத்துலயே தண்ணி இல்ல. நீங்க தரைக்குப் பாய்ச்சுதியளே" என்றேன்.

வழக்கமாக இதற்கு ஒரு கெட்ட வார்த்தையாவது வரும். வரவில்லை. தூக்கை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். கண் முகாமில் காட்டியிருக்கிறார். ரெண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணை உடனே அறுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"அப்ப போய்ப் படுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"மாலை போட்டிருக்கேன்லாலே."

கழுத்தில் துளசி மாலை கிடந்ததை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குலசை அம்மன் கோயில் தசராவுக்கு வருஷா வருஷம் வேஷம் கட்டுகிற ஆள் அவர். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைக்க மாட்டாள் என்று கைவிட்டார்களாம். பிழைத்தால் உயிர் இருக்கிற வரை வேஷம் கட்டி வருகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இவர் இன்னும் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. மாலை போட்டால் காலையும் சாயந்திரமும் ஆற்றில் தலை முழுக வேண்டும். கண்ணை அறுத்தால் வாரக்கணக்கில் தலையில் தண்ணீர் படக்கூடாது என்கிறார் டாக்டர். ஒன்றைச் செய்தால் இன்னொன்றைச் செய்ய முடியாது.

"திருவிழா முடிஞ்ச மறுநா போயி படுத்திருதேன். அதுவரைக்கும் சூப்பர்வைசருக்குத் தெரியப்பிடாது. தெரிஞ்சா நிறுத்திருவான்."

"இந்த வருஷம் என்ன வேஷம்?"

"ராஜா."

"கண்ணு தெரியாத ராஜா. மந்திரி சொல்லுததுக்கெல்லாம் தலைய ஆட்டுங்க, போதும். நாட்டுல அதான நடக்கு."

இதற்குச் சிரித்தார். தசரா வரைக்கும் கோடுகளை அவர் தானாகப் படிக்க வேண்டும், மோட்டார் கருகக்கூடாது. என் பங்குக்கு அதற்கேற்ற டார்ச் ஒன்றைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். இப்படித்தான் நான் கடை கடையாக ஏற ஆரம்பித்தேன்.

எங்களுக்கு ஆபீஸில் கொடுத்த டார்ச் ஒன்று உண்டு. சார்ஜ் போடுகிறது. கைக்குழந்தை கனம் இருக்கும். உள்ளே இருக்கிற பேட்டரி செத்து வெகுநாள் ஆகிறது. ஒயரைச் சுவரில் சொருகியிருக்கிற வரை எரியும், பிடுங்கினால் அணையும். ஒயர் கிணற்று வாய் வரை எட்டாது. கட்டிப்போட்ட நாய் மாதிரி அறைக்குள் இருந்தே வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து வேறு பேட்டரி போடவும் வழியில்லை. சார்ஜ் போடுகிற சாமானே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

போன் வெளிச்சம் கீழே எட்டாது. என் பழைய போன் அந்த வெளிச்சத்தை அடிக்கப் போய்த்தான் கிணற்றுக்குள் விழுந்தது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அது கிடக்கிற தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். யாரும் ருசியில் வித்தியாசம் சொன்னதில்லை.

ஜங்ஷனில் விரல் நீளத்துக்கு ஒன்று வாங்கினேன், ஒரே ஒரு பென்சில் செல் போடுகிறது. பையில் இருப்பதே தெரியாது. வெளிச்சமும் இருப்பது தெரியவில்லை. அதற்கு ஊர்க் கடையில் வாங்கிய மலிவு செல்கள் ஒரே வாரத்தில் வயிறு வீங்கி வெள்ளையாகக் கக்கின. கக்காத செல்களை அண்ணாச்சி பம்ப் ரூம் மாடியில் வெயிலில் வைத்தார். வெயில் பட்டால் சத்து ஏறும் என்பது அவர் கட்சி.

"வத்தலா அண்ணாச்சி இது? எண்ணெய்ல பொரிக்கவா?"

"நீ கேலி பண்ணு. சாயந்திரம் எரியும் பாரு."

எரிந்தது. அவர் மாடிப்படியில் இறங்கி வருகிற வரைக்கும் எரிந்தது.

அப்புறம்தான் மேலப்பாளையம் போனேன். அங்கே வளைகுடா நாட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. செண்டு, போர்வை, தைலம், டார்ச் எல்லாம் ஒரே கண்ணாடி அலமாரியில் இருக்கும். கடைக்கார பாய் கட்டைவிரல் பருமனில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். இரும்பு. முன்பக்கத்தை இழுத்தால் வெளிச்சம் ஒடுங்கும், தள்ளினால் விரியும். செல் தனி ரகம், பென்சில் செல்லைவிடத் தடி. கழற்றி வேறு போடலாம்.

"இத இங்கன நின்னு அடிச்சா ஜங்ஷன்ல நிக்கவன் மூஞ்சி தெரியும்" என்றார்.

"அவன் மூஞ்சியப் பாத்து எனக்கு என்ன ஆவப் போவுது பாய்? கெணத்துக்குள்ள கோடு தெரியணும்."

"கோடா? தண்ணிக்குள்ள கெடக்க மீனு கண்ணச் சிமிட்டுறதே தெரியும்."

வாங்கிவிட்டேன். வழியெல்லாம் பஸ்ஸில் அதை அணைத்தும் போட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார்.

மறுநாள் மத்தியானம் அதை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது கரையில் இருந்தே சத்தம் கேட்டது. குழாய் இருமுகிறது. மோட்டார் ஒரு மாதிரி கீச்சென்று கத்துகிறது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் சுவிட்சை இறக்கினேன். மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை. அண்ணாச்சி கிணற்று வாயில் முழங்கால் போட்டு உள்ளே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்லே நிறுத்துன? தண்ணி நெறைய கெடக்கு. வெள்ளையா பளபளன்னு தெரியுது பாரு."

டார்ச்சை வாங்கிப் பார்த்தேன். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கும் கீழே கிடந்தது. ஈரச் சுவரில் பட்டு வெளிச்சம் திரும்பி அடிக்கிறது. அதைத்தான் அவர் தண்ணீர் என்று பார்த்திருக்கிறார்.

"அது செவுரு அண்ணாச்சி" என்றேன்.

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுச் சொன்னார், எதிரே பஸ் லைட் போட்டு வந்தாலும் இப்படித்தானாம், கண்ணுக்குள் பாலை ஊற்றின மாதிரி ஆகிவிடுமாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம். வெளிச்சம் கூடக் கூட அவருக்குக் கண் கூடும் என்று நானும் அவரும் ஒரே மாதிரி நம்பியிருக்கிறோம்.

மோட்டார் தப்பியது. ஆனால் அன்று ஒரு ஊருக்குத் தண்ணீர் ஏறவில்லை.

மறுபடியும் மேலப்பாளையம். வெயிலில் பஸ்ஸுக்கு நின்று நின்று கால் கடுத்தது.

"பாய், வெளிச்சம் கம்மியா ஒண்ணு குடுங்க. வெள்ளையா வேண்டாம். மஞ்சளா எரியணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடை வச்ச நாள்ல இருந்து கம்மியா வேணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீதாம்ப்பா."

"வயசாளிக்கு. கூசுது."

ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டில் தூசிக்குள் இருந்து ஒரு பெட்டியை இறக்கினார். குண்டு பல்பு போட்ட பழைய டார்ச். இரண்டு பென்சில் செல். தகரம்தான், ஆனால் சட்டைப் பைக்கு அடங்கியது. போட்டுப் பார்த்தால் குத்துவிளக்கு மாதிரி எரிந்தது. இந்தத் தடவை செல்லை நானே தேர்ந்தேன். பழைய சரக்கா என்று அடியில் அச்சடித்த தேதியைப் பார்த்து, கொஞ்சம் விலை கூடினாலும் கக்காத ரகமாக எடுத்தேன்.

அது அவருக்குச் சரிப்பட்டது. கிணற்று வாயில் படுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக எண்ணைப் படித்துவிடுவார். நான் பின்னாலேயே எட்டிப் பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். பையில் கிடக்கும்போது தானாக எரிந்து செல் வீணாகாமல் இருக்க, உள்ளே ஒரு செல்லைத் திருப்பிப் போட்டு வைத்துக்கொள்வார். வேண்டும்போது கழற்றி நேராகப் போடுவார். அதற்குள் நான் இரண்டு தடவை கிணற்றைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் நான் அவசரப்படுத்தவில்லை. என் பகல் முறையையும் அவர் முறையையும் சேர்த்துப் பார்த்து எனக்கு நிற்கும்போதே கண் சொக்கியது. தசராவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

தண்ணீர் ஏறாத ஊர்க்காரர்கள் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில் சூப்பர்வைசர் வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், சத்தம் போடாத மனுஷன். மோட்டாரைச் சுற்றி வந்தார், சுவிட்சைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"இப்ப எத்தனையில நிக்கி? பாத்துச் சொல்லுங்க."

அண்ணாச்சி செல்லைக் கழற்றி நேராகப் போட்டார். ஒன்று உருண்டு ஓடியது, நான் எடுத்துக் கொடுத்தேன். படுத்து எட்டிப் பார்த்தார். அன்றைக்குத் தண்ணீர் வெகு கீழே. அந்த மஞ்சள் வெளிச்சம் அவ்வளவு தூரம் போகாது என்று எனக்குத் தெரியும். எண் என்ன என்றும் தெரியும், விடியும்போதே பார்த்திருந்தேன். சூப்பர்வைசரின் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அண்ணாச்சி எழுந்து என் பக்கம்தான் பார்த்தார். விரலை ஆட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு என் விரலும் தெரியவில்லை.

"தெரியல சார்" என்றார். "கோடு தெரியல. கண்ணு ரெண்டுலயும் புரை."

சூப்பர்வைசர் அவர் கழுத்து மாலையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மூன்று விரலும் இன்னும் நீட்டியபடிதான் இருந்தன, மடக்கிக்கொண்டேன்.

"ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க, ஒங்க எடம் இருக்கும். அது என் பொறுப்பு. பண்ணாம நாளைக்கு இங்கன நிக்கப்பிடாது. மோட்டாருக்காக மட்டும் சொல்லல. அந்த வாய்க்குள்ள தலைய விடுதியளே, தவறி விழுந்தா யாரு பதில் சொல்லுதது?"

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி படியில் உட்கார்ந்தார். மாலையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துப் போனை என்னிடம் நீட்டி, கூட வேஷம் கட்டுகிற தசரா செட்டின் தலைவர் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னார்.

"நாந்தான். இந்த வருஷம் ராஜாவுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க... இல்ல, வரல. கண்ணு. ஆமா... கிரீடம் வீட்டுலதான் இருக்கு, வந்து வாங்கிக்கிடுங்க."

துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். நானும் பின்னால் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முழுகிக்கொண்டே இருந்தார். இனி வாரக்கணக்கில் தலையில் தண்ணீர் படாது என்று சேர்த்து முழுகினாரோ என்னவோ. கரையேறி மாலையைக் கழற்றித் துண்டில் சுற்றிவிட்டுச் சொன்னார்:

"மகளத் தந்தவ கண்ணையும் தரட்டும். அடுத்த வருஷம் அம்மைட்ட நானே பேசிக்கிடுதேன்."

மணலில் அவருக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு நடந்தேன்.

மஞ்சள் டார்ச்சை அவரே கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் விழிப்பு வந்தால் செருப்பைத் தேட வேண்டுமாம். புதுச் செல்லாக இரண்டு போட்டுக் கொடுத்தேன், இரண்டையும் நேராகவே.

மறுநாள் எனக்கென்று ஒன்று வாங்க மேலப்பாளையம் போனேன். இரும்பு டார்ச் பம்ப் ரூமில்தான் கிடந்தது. அதைத் தொட மனசு வரவில்லை.

"அதுவும் சரிப்படலயா?" என்றார் பாய்.

"அது அவருட்ட இருக்கு. இது எனக்கு."

"ஒனக்கு எப்படி வேணும்?"

இத்தனை நாள் கடை ஏறி இறங்கியவனுக்குச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. வெள்ளையோ மஞ்சளோ, ஒரு செல்லோ இரண்டோ, என் கண்ணுக்கு எல்லாமே தெரிகிறது.

"எதையாவது குடுங்க பாய்" என்றேன்.

அவர் எடுத்துக் கொடுத்ததைப் போட்டுக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். என் முறையும் அவர் முறையும் இனி நான்தான். சாயந்திரத் தண்ணீருக்கு மோட்டார் போட வேண்டும்.