பச்சியப்பன் அடித்த பந்தும் மூன்று மூட்டைகளும்

என் தங்கை புருஷன் பச்சியப்பனுக்கு என்ன தொழில் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. சண்டைக் காலத்தில் ரேஷன் கார்டு எழுத வந்த குமாஸ்தாவும் இதையேதான் கேட்டார். சுரங்கத்தில் அவன் பேர் இருந்தது, ஆனால் முக்கால்வாசி நாள் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. மில்லில் பேர் இருந்தது, தறியைத் தொட்டதில்லை. ரயில் ஒர்க்‌ஷாப்பிலும் அதே கதை. பந்து அடிப்பான், அதற்குத்தான் வைத்திருந்தார்கள் என்றேன். குமாஸ்தா கூலி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பாப்பாரப்பட்டிப் பக்கம் புளி அடிக்கும் கூட்டத்தில் இருந்தவன் அவன். மாசி மாதம் மரத்தில் ஏறி, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூங்கில் கழியை வீசவேண்டும். மணிக்கட்டை முறுக்கி அடித்தால் கிளை ஒடியும், மரத்துக்காரன் வைவான். தோளிலிருந்து அடிக்கவேண்டும். சின்ன வயசிலிருந்து அப்படி அடித்துப் பழகிய தோள். ஆள் என்னவோ என் காதளவுதான் இருப்பான்.

முப்பத்திரண்டாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஒரு மேஸ்திரி வந்து கோலார் தங்கவயலுக்கு ஆள் பிடித்தார், இவனும் போனான். அங்கே ஞாயிற்றுக்கிழமை துரைமார் கிரிக்கெட் ஆடுவார்கள். எல்லைக்கு வெளியே விழும் பந்தைப் பொறுக்க நாலு கூலியாட்களை நிறுத்தியிருந்தார்கள். இவனுக்கு எறியச் சோம்பலோ என்னவோ, ஒரு நாள் கீழே கிடந்த மண்வெட்டிக் காம்பை எடுத்துப் பந்தை அடித்து அனுப்பினான். அது ஆடுகிறவர்களைத் தாண்டி, டீ குடிக்கும் கொட்டகையையும் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. வேலை போச்சு என்று இவன் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டான். மறுநாள் சுரங்கத்திலிருந்து எடுத்து, இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுக்கும் அறையில் மேலே போட்டுவிட்டார்கள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மட்டையைக் கையில் கொடுத்து நில் என்றார்கள், நின்றேன் என்பான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் அவனை ஒவ்வொருத்தரும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெங்களூர் மில், ரயில் ஒர்க்‌ஷாப், மேட்டூர், திரும்பவும் பெங்களூரில் வேறொரு மில். போன வருஷம் யாருக்காக அடித்தானோ அவர்களையே இந்த வருஷம் அடிப்பான். சட்டை நிறத்தைப் பார்த்துத்தான் நாம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். பந்து பிடிக்க வராது, ஓட்டம் சுமார். அடித்தால் மைதானத்துக்கு வெளியே, இல்லையென்றால் குச்சி பறக்கும். நடுவில் ஒன்றும் கிடையாது.

வேலை நிலைக்காததற்கு ஆட்டம் காரணமில்லை. மாசி பிறந்தால் யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு வந்து புளிய மரத்தில் ஏறிவிடுவான். லீவு எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டால், “புளி நமக்காக மரத்துலயே காத்துக்கிட்டு இருக்குமா மச்சான்?” என்பான். திரும்பிப் போகும்போது பேர் அடித்திருப்பார்கள். அப்புறம் இன்னொரு கம்பெனி, இன்னொரு ஊர்.

இதில் அடிபட்டவள் என் தங்கை சின்னபொண்ணு. முப்பத்தேழில் கட்டிக் கொடுத்தோம். மூத்தது பெங்களூரில் பிறந்தது, இளையது மேட்டூரில். ஏழு வீடு மாறிவிட்டாள். கடைசி மில்லும் போனபோது என்னை வரவழைத்து, அவனையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னாள். “இனிமே நெலையா ஒரு வூடுன்னா சொல்லுங்க, வர்றேன். இல்லைன்னா நானும் புள்ளைங்களும் ஊருக்குப் போறோம். எட்டாவது வூட்டுக்கு நான் சட்டி தூக்கமாட்டேன்.” அவள் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். எங்கள் அப்பனுக்கே தெரியும்.

நாற்பத்துநாலு அது. பெங்களூருக்கு வெளியே அமெரிக்கச் சிப்பாய்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். அங்கே சமையல்காரனாக இருந்த சவுரியப்பன் தங்கவயலில் இவனோடு இருந்தவன். அவன்தான் இவனைக் கேப்டன் துரையிடம் கொண்டுபோய் விட்டது. அமெரிக்காக்காரர்கள் ஆட்டம் வேறு. மட்டை தட்டையாக இருக்காது, ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்த உருளைக் கட்டை. அதைக் கையில் வாங்கினதும் இவனுக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். புளியங்கழியைத் தறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது என்றான். நாலு பந்து போட்டார்கள், நாலையும் தேடப் போனார்கள்.

கேப்டன் சொன்னதைச் சவுரியப்பன் எங்களுக்குச் சொன்னான். பக்கத்துக் கூடாரத்தாரோடு வரும் ஞாயிறு ஆட்டம். இவர்கள் பக்கம் ரெண்டு பேருக்குக் காய்ச்சல், பச்சியப்பன் அடிக்கவேண்டும். ஜெயித்தால் கேப்டன் லெட்டர் கொடுப்பார். அதைக் காட்டினால் அவர்கள் விமானம் பழுது பார்க்கும் தொழிற்சாலையில் நிரந்தர வேலை, வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டியிருக்கும் லைன் வீடு. சின்னபொண்ணிடம் சொன்னோம். ஞாயிறு கழியட்டும் என்றாள்.

நான் பெங்களூர்–தர்மபுரி கரி பஸ் ஓட்டுகிறவன், பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு வைத்து ஓட்டின பஸ். அன்றைக்கு முறை மாற்றிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடித்தவன் கட்டையை வீசிவிட்டு ஓடுகிறான். எதிரே ஓடாமல் பக்கவாட்டில் ஓடுகிறான். மூன்று மூலையில் மூன்று சின்ன மூட்டை, அடிக்கிற இடத்தில் ஒரு பலகை. அடித்தவன் மூட்டை மூன்றையும் தொட்டுவிட்டுப் பலகைக்குத் திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். இவ்வளவைத்தான் சவுரியப்பன் இவனுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான்.

கடைசிக் கட்டத்தில் ரெண்டு பக்கமும் சமம். பச்சியப்பன் போய் நின்றான். ரெண்டு பந்தைக் கோட்டைவிட்டான். மூன்றாவதை அடித்தான் பாருங்கள், கம்பி வேலியைத் தாண்டி ராகிக் கொல்லையில் போய் விழுந்தது. இவன் அசையாமல் நின்றான். கிரிக்கெட்டில் எல்லை தாண்டினால் ஓடவேண்டாம் அல்லவா. எல்லாரும் கத்தின பிறகு ஓடினான். கட்டையைக் கீழே போடவில்லை. முதல் மூட்டையிடம் போய் நிதானித்து, கட்டை நுனியால் மெல்லத் தொட்டுவிட்டு, மூட்டையைச் சுற்றிக்கொண்டு போனான். ரெண்டாவதும் அப்படி, மூன்றாவதும் அப்படி. பலகையில் மட்டும் கால் வைத்தான்.

எங்கள் பக்கத்தார் தொப்பியை எறிந்தார்கள். எதிர்ப்பக்கத்தான் ஒருத்தன் வேறு பந்தை வாங்கிக்கொண்டு நடந்துபோய் முதல் மூட்டைமேல் நின்று கையைத் தூக்கினான். நடுவர் அவுட் என்றார். பிறகு ஒரே கூச்சல். கட்டையால் தொட்டால் செல்லாதாம், உடம்பு படவேண்டுமாம். எதிர்ப்பக்கத்தார் நல்ல மாதிரிதான். ஆள் புதுசு, இன்னொரு தடவை மூட்டையை மிதித்துக்கொண்டு சுற்றி வரட்டும், ஓட்டம் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். சவுரியப்பன் ஓடிவந்து இதைச் சொன்னான். எனக்கு உயிர் வந்தது.

பச்சியப்பன் முதல் மூட்டைவரை போய் நின்றுவிட்டான். நானும் கிட்டே போனேன். மூட்டையில் இங்கிலீஷ் எழுத்து, கோதுமைக் கதிர் படம். மாவு மூட்டை.

“இதுல என்ன இருக்குது?” என்றான்.

“மண்ணா இருக்கும். மிதிச்சுட்டுப் போடா” என்றான் சவுரியப்பன்.

“இருக்குமா, மண்ணேதானா?”

சவுரியப்பனுக்குத் தெரியவில்லை. காலையில் குடோன் ஆள் போட்டது, புழு வைத்த மாவைக்கூடப் போட்டிருப்பான் என்றான். எங்கள் ஊர்ப் பக்கம் தானிய மூட்டையில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அந்த வருஷமோ ராகிக்கு விடியலிலிருந்து வரிசை நின்ற வருஷம். சாயங்காலம் முழுக்க அந்தச் சிப்பாய்கள் ஆணி பூட்ஸோடு மூட்டையை மிதிமிதி என்று மிதித்ததைப் பார்த்து இவன் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறான். எனக்கும் சங்கடம்தான். ஆனால் லைன் வீடு இருக்கிறதே. மிதித்துத் தொலையடா என்றுதான் நானும் சொன்னேன்.

அவன் கேட்கவில்லை. குனிந்து மூட்டையைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்ததுக்கு நடந்தான். மூன்றையும் அப்படியே தொட்டுவிட்டு வந்து பலகையில் நின்றான்.

கை பட்டாலும் சரிதான் என்றார் ஒருவர். அது முதல் சுற்றில் பட்டிருக்கவேண்டும் என்றார் இன்னொருவர். மிதிக்கச் சொன்னால் மிதிக்கவேண்டும் என்றான் அந்தப் பந்துக்காரன். அரை மணி நேரம். யார் ஜெயித்தது என்று சவுரியப்பனைக் கேட்டேன். பாதிப் பேர் நாம் என்கிறார்கள், பாதிப் பேர் அவர்கள் என்கிறார்கள் என்றான். கடைசியில் கேப்டன் வந்து பச்சியப்பன் கையைக் குலுக்கி என்னவோ நீளமாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு திரும்ப ஆடவேண்டுமாம், லெட்டர் அதற்கப்புறமாம். வியாழக்கிழமையே கூடாரத்தைப் பிரித்து அவர்களை பர்மா பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சேதியோடு நானும் அவனும் வீட்டுக்குப் போனோம். எனக்கு ஆத்திரம். ஒரு காலை வைத்திருந்தால் வீடு கிடைத்திருக்கும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சின்னபொண்ணு என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

“மூட்டையில என்னதான் இருந்துது?”

“தெரியலையே.”

“தெரியாதப்ப எப்புடி மிதிக்கிறது? அப்புடி வந்த வூட்டுல நான் அடுப்பு பத்தவெக்கவா?” என்றாள். அவன் முகம் தெளிந்தது. அவள் எழுந்து பாயைச் சுருட்டினாள். “அதுக்காக நான் சொன்னது மாறாது. நாளைக்கு அண்ணன் பஸ்ஸுல நாங்க போறோம்.”

மறுநாள் பஸ் கிளம்பும் இடத்துக்குக் கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் வந்திருந்தார், இவனைத் தேடிக்கொண்டு. இவன் அவரையும் பார்த்தான், ஜன்னல் ஓரம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தான். நான் ஹாரன் அடித்தேன். ஏறிவிட்டான்.

கிருஷ்ணகிரியில் கரி கிளற நிறுத்தினபோது இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றான். “மச்சான், அன்னைக்கு நான் அவுட்டா, இல்லையா?” என்றான்.

எனக்கு என்ன தெரியும். ஏறி உட்காருடா என்றேன்.