ஆறு மீட்டர் குழாயில் பதினான்கு மீட்டர் கேபிள்

இது நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பேய் ராத்திரியில்தான் வரும், புளியமரத்தில்தான் இருக்கும் என்று கதை விடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நான் அனுபவித்தது பட்டப்பகலில், பாகாயத்தில், டைல்ஸ் போட்ட ஒரு மாடி வீட்டில். போன மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை.

பதினோரு வருடமாக வேலூர் வீடுகளுக்கு நெட் கேபிள் இழுத்துக் கொடுக்கிறேன். கஞ்சர்களைப் பார்த்துப் பழகியவன். ஆனால் கோதண்டபாணி மாதிரி ஒரு ஜென்மத்தைப் பார்த்ததில்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். யாரோ வேண்டாமென்று கொடுத்த பழைய ரவுட்டரைக் கீழே ஹாலில் மாட்டியிருந்தார். மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை. லாங் பஜாரில் இருப்பதிலேயே மட்டமான கேபிளாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னார். உதவிக்கு ஆள் கூட்டிவரவும் விடவில்லை.

"எதுக்குய்யா ஆளு? கீழ நான் நின்னு புடிச்சி இழுக்கறேன்."

நாலு மணிக்கு அவருக்கு வீடியோவில் ஒரு விசாரணை இருந்தது. அதற்குத்தான் இந்த அவசரம். கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஆரோக்கியசாமி என்ற தொழிலாளி, விஷவாயு தாக்கி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் மனைவி மரியம்மாள் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். யாரும் அவனைத் தொட்டிக்குள் இறக்கிவிடவில்லை, அவனாகவே இறங்கிவிட்டான் என்றது கம்பெனி. அன்று அங்கே இருந்தவர் கோதண்டபாணி ஒருவர்தான். அவர் என்ன சொல்கிறாரோ, அதில்தான் அந்தப் பெண்ணின் வழக்கே நின்றது.

"முட்டி வலின்னு எழுதிக் குடுத்து வீடியோலயே பேச பர்மிஷன் வாங்கிட்டேன். எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சிது" என்று சிரித்தார்.

கீழே உட்கார்ந்து பேசினால் தெருவில் போகிறவன் காதில் விழுமாம். அதனால்தான் மாடி. அந்த வலிக்கிற முட்டியோடுதான் நாலு தடவை படியேறி வந்து என்னை விரட்டினார். தூ! இந்த மனிதனுக்குப் போய் வேலை செய்கிறேனே என்று இருந்தது.

மணி 2:50. மாடிச் சுவரில் பதித்திருந்த குழாய்க்குள் கேபிளின் நுனியை டேப் சுற்றி நுழைத்தேன். பிளக் மாட்டுவதெல்லாம் கடைசி வேலை. குழாய் நேராகக் கீழே ஹாலுக்கு இறங்குகிறது. நீளம் ஆறு மீட்டர், நானே அளந்தேன்.

2:53. கீழேயிருந்து யாரோ கேபிளை இரண்டு முறை சுண்டினார்கள். டக்... டக்.

கிழவர் பிடித்துவிட்டார் என்று தளர்த்திக் கொடுத்தேன். மறுபடியும் டக்... டக். இன்னும் கொடுத்தேன். கேபிளின் மேலேயே மீட்டர்க் கணக்கு அச்சடித்திருக்கும். எட்டு... பதினொன்று... பதினான்கு...

ஆறு மீட்டர் குழாய்க்குள் பதினான்கு மீட்டரா? இந்த ஆளுக்கு மூளையும் கம்மிதான் என்று நினைத்துக் குழாய்க்குள் கத்தினேன்.

"சார், போதும்! எவ்ளோதான் இழுப்பீங்க?"

"இன்னாய்யா? நான் எங்க இழுத்தேன்?"

குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அறை வாசலில் டீ கிளாஸுடன் நின்றுகொண்டிருந்தார்.

கீழே ஓடினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஹாலில் குழாயின் வாய் காலியாக இருந்தது. கேபிள் வெளியே வரவே இல்லை. ரவுட்டரிலும் எதுவும் செருகியிருக்கவில்லை.

மேலே வந்து கேபிளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. ஓர் ஆள் தொங்குகிற கனம். குழாயிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது.

"யாரோ சுண்டறாங்க சார். ரெண்டு ரெண்டா."

கோதண்டபாணியின் முகம் வெளுத்துவிட்டது. "கட் பண்ணு. சீக்கிரம் கட் பண்ணுய்யா!"

சுருளிலிருந்து வெட்டினேன். வெட்டிய முனை என் கையிலேயே இருந்தது. போன் வழியாக நெட் கொடுக்கலாம் என்றால் இரண்டு பேர் போனிலும் சிக்னல் இல்லை. ஆஜராகாவிட்டால் கம்பெனி சும்மா விடாது என்று அவர் புலம்ப ஆரம்பித்தார்.

3:56. கடுப்பாகிவிட்டது. கையிலிருந்த முனைக்குப் பிளக் மாட்டிக் கம்ப்யூட்டரில் செருகினேன்.

"பாருங்க. இப்டி குத்தினா வந்துடுமா?"

பச்சை விளக்கு எரிந்தது.

நெட் வந்துவிட்டது.

மறுமுனை எதிலுமே இல்லை... பயந்துதான் போனேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

4:06. அன்று தொட்டியில் என்ன நடந்தது என்று திரையில் விசாரணை அதிகாரி கேட்டார். கோதண்டபாணி பதில் சொன்னார்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. நான் அந்தப் பக்கமே போகல."

மூன்று முறை சொன்னார். இரண்டடி தள்ளி நின்று என் காதால் கேட்டேன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கம்பெனி வக்கீல் பதறி எழுந்தார். திரையின் ஓரத்தில் மரியம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அது எதுக்கு இப்ப அழுவுது?" என்றார் கோதண்டபாணி.

4:19. விளக்கு அணைந்தது.

கேபிளை இழுத்தேன். இப்போது லேசாக வந்தது.

ஆறாவது மீட்டருக்கு அப்புறம் முழுக்க ஈரம்.

நுனியில்... நான் சுற்றிய டேப் அப்படியே இருந்தது.

மூன்று வாரம் கழித்து மரியம்மாள் ஜெயித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எப்படி முடியும்? அவருடைய வக்கீல் ஆஃப்ரீனைத் தேடிப் போனேன். அந்தப் பொய்சாட்சிக்குக் கேபிள் போட்டவன் நான்தான் என்று சொல்லவே கூசியது.

"பொய்யா? அவர்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரே! இப்ப நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு கத்திட்டு இருக்காரு" என்றவர், அன்றைய வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

நேரம் 4:06. அதே அறை. பின்னால் நான் நிற்பதுகூடத் தெரிந்தது. கோதண்டபாணியின் வாய் அசைந்தது. கோதண்டபாணியின் குரல்தான்.

"கயித்த நான்தான் புடிச்சிருந்தேன். ரெண்டு தடவ சுண்டினா மேல தூக்கணும். அவன் சுண்டினான். நான் தளர்த்தி வுட்டேன். மறுபடி சுண்டினான்... கயித்த வுட்டுட்டு டீ குடிக்கப் போய்ட்டேன்."