அவர் ஆடுவதைப் பார்க்க ஒரு கேமரா

என் கணவர் ஆடப்போகிறார் என்று கீழ்வீட்டு வங்காளி அண்ணி, அவர்கள் வழக்கப்படி நான் பௌதி என்று கூப்பிடுகிறவள், வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. அதுவும் துனுச்சி ஆட்டம். தேங்காய் நாரும் சாம்பிராணியும் புகைகிற மண் தூபக்காலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, டாக் மேளத்துக்கு ஏற்றபடி துர்க்கை முன்னால் ஆடவேண்டும். பதினாலு வருஷம் கல்கத்தா ஜாதவ்பூரில் இருந்தும், பந்தலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைத் தவிர வேறெதுவும் செய்யாத மனிதர் அவர். மத்திய அரசு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவர். நாம் சிரித்தால்கூட ரசீது கேட்பார். டிசம்பரில் எங்களுக்குச் சென்னைக்கு மாற்றல். போவதற்குள் ஒரு தடவையாவது ஆடியே தீரவேண்டும் என்று தெருக்காரர்கள் பிடித்த பிடியில், நவமி மாலைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாராம்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஆனால் நானோ மல்லாந்து கிடந்தேன். முதுகில் டிஸ்க் விலகி, மூன்று வாரம் கட்டிலைவிட்டு எழவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டில் பின்னறையில், பந்தல் தெருப்பக்கம், நடுவில் இரண்டு சுவர். எங்கள் வராந்தாவில் இரண்டு நாற்காலி போடலாம், கட்டில் போட முடியாது.

அப்போதுதான் வாசல் கேமரா நினைவுக்கு வந்தது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வயர் இல்லாத கேமரா என்றால் பெரிய விஷயம். பகலில் தனியாகக் கிடக்கிறேனே, கதவருகில் யார் வருகிறார்கள் என்று தெரியட்டும் என்று அவர் சாந்தினி மார்க்கெட்டில் வாங்கிவந்தது. கட்டைவிரல் அளவு கேமரா, கொம்பு வைத்த ஒரு ரிசீவர், அதிலிருந்து கட்டிலுக்கு எதிரே வைத்த டிவிக்கு ஒரு வயர். படம்தான் மகா மோசம். அதில் தெரிந்தவர்கள் எல்லாரும் ரவையில் புரட்டியெடுத்த மாதிரி இருந்தார்கள்.

இந்த லட்சணத்தில் அவர் ஆட்டத்தைப் பார்ப்பதா? விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பூஜை பார்க்க ஆசையாக இருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொல்லி, கேமராவை வராந்தாக் கம்பியில் பந்தலைப் பார்த்துக் கட்டவைத்தேன். சப்தமி காலையில் வேலை தொடங்கியது. நான் படுத்தபடியே கத்துவேன். அவர் வராந்தாவுக்கும் பின்னறைக்குமாக ஓடுவார். மொட்டைமாடியில் ஆன்டெனா திருப்பிய காலம் திரும்பிவந்துவிட்டது.

இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்த ரிசீவரைப் பீரோ தலையில் ஏற்றியதும் பாதி ரவை உதிர்ந்தது. ரிசீவரில் நாலு சேனல். மூன்றாவதில் படம் நிலையாக நின்றது. கார்ட்லெஸ் போனில் யாராவது பேசினால் படம் கோடுகோடாகக் கிழிந்தது, அதனால் போனைப் பிடுங்கிப்போடச் சொன்னேன். லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தை ஒரு நூல் அளவு இடப்பக்கம் திருப்பினார். மூஞ்சிகளுக்கு மூக்கு முளைத்தது. மாலையில் பந்தல் விளக்குகள் எரிந்ததும் ஆட்கள் எல்லாரும் கரிக்கட்டையானார்கள். விளக்கு வெளிச்சம் நேரே விழாமல் இருக்க, கறுப்பு சார்ட் பேப்பரில் ஒரு குல்லாய் செய்து லென்ஸுக்கு மேலே ஒட்டவைத்தேன்.

அஷ்டமி மாலை. பௌதியின் புடவைக் கரையில் இருந்த மாங்காய்கூடத் தெரிந்தது! படுத்தபடியே கைதட்டினேன். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. நாளைக்கு உங்கள் ஆட்டம் அப்படியே தெரியும் என்று உளறிவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் எங்களுக்கு ஆயுத பூஜை. லேக் மார்க்கெட்டிலிருந்து பொரியும் பூவும் வாங்கிவந்து, மிக்ஸி முதல் ஸ்கூட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மத்தியானம் டிவியைப் போட்டால் வெறும் செம்மண் புழுதி. பந்தலும் இல்லை, ஆட்களும் இல்லை. பௌதியை வரவழைத்து சேனல், ரிசீவர், போன் எல்லாம் திரும்பப் பார்த்தாயிற்று. ஆறு மணிக்கு ஆட்டம். எனக்கு அழுகை முட்டியது. கடைசியில் வராந்தாவுக்குப் போய்ப் பார்த்த பௌதி சிரித்துக்கொண்டே வந்தாள். லென்ஸின் மேலேயே தடிமனாக ஒரு பொட்டு.

துடைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டை மறுநாள் காலை வரை அழிக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம், போட்டவர் அவர்தான். எதிரே டிவியைப் பார்த்தேன். பொட்டு ஓரத்துச் சட்டத்தில் இருந்தது. சுவர்க்கடிகாரத்துக்கும் அப்படியே. பதினாலு வருஷத்தில் ஒருநாளும் எந்தச் சாமானின் கண்ணாடி மேலும் அவர் பொட்டு வைத்ததில்லை.

பௌதி போனதும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சுதான் வச்சேன். தெருவே பாக்கட்டும், பரவாயில்ல. நீ பாத்தா எனக்குக் காலே வராது."

"ஏங்க?"

"நீ சிரிப்ப."

கோபம் சுர்ரென்று வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும்விட்டது. அவர் பேசுகிற வங்காளத்தை நடித்துக்காட்டி பௌதியைச் சிரிக்கவைப்பவள் நான்தான். அவர் பாடினால் குக்கர் விசில் என்பேன். இத்தனை வருஷம் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது யாருக்காக என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"துடைக்க வேண்டாம். போய் நல்லா ஆடிட்டு வாங்க" என்றேன்.

ஆறு மணிக்கு டாக் முழங்கியது. டிவியில் அதே புழுதி. அணைக்க ரிமோட்டைத் தேடினேன். திடீரென்று புழுதி அசைந்தது. ஒரு வெள்ளைத் துணி வந்து தேய்த்தது. முதலில் இன்னும் அப்பியது, மறுபடி தேய்த்தது. அப்புறம் திரை முழுக்க அவர் மூக்கு. ஒற்றைக் கண்ணால் உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு, மாயமாகிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பந்தலில் தெரிந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. முதலில் மரக்கட்டையாக நின்றார். பிறகு ஒரு கால் எழும்பியது, மறு கால் எழும்பியது, புகைக்கு நடுவில் என் கணவர் சுழன்றார்! அம்மனைப் பார்த்து ஆடவேண்டிய மனிதர், பாதி ஆட்டத்துக்குமேல் அவளுக்கு முதுகைக் காட்டி, எங்கள் வராந்தாவை நிமிர்ந்து பார்த்தே ஆடினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

பரிசு வேறு யாருக்கோ. சாம்பிராணி வாசனையோடு மேலே வந்தவர், உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று முகம் வெளிறியிருந்தது.

"இடது மணிக்கட்டுல நெருப்புப்பொறி விழுந்துச்சே, காட்டுங்க பாக்கறேன்" என்றேன்.